கடத்தூரில் தயாரான இருட்டறை

அண்ணன் மகளின் கல்யாணத்துக்காக நார்வேயிலிருந்து பெங்களூர் வந்திருந்தேன். தாலி கட்டும் நேரம் பார்த்து அந்தக் குரல்செய்தி வந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவும் இடத்துக்குப் போய்க் காதில் வைத்துக் கேட்டேன்.

“மேடம், வணக்கமுங்க. கடத்தூர் சின்னப்பன் பேசறேன். நீங்க சொன்ன மாதிரி இருட்டு ரூமு ரெடி பண்ணிட்டேனுங்க. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வராது. பாப்பாவ அங்க கூட்டிட்டு வரணுமா, இல்ல மருந்த இங்க அனுப்புவீங்களா, அத மட்டும் சொன்னீங்கன்னா போதுமுங்க.”

மூன்று முறை கேட்டேன். பந்திக்குக் கூப்பிட வந்த சொந்தக்காரப் பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

நான் டாக்டர் இல்லை. ஆய்வகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எலும்பில் புற்றுக்கட்டி வைத்த எலியின் ரத்தத்தில் பச்சையும் நீலமும் கலந்த ஒரு சாயத்தை ஏற்றுவோம். சாயம் கட்டியில் போய்த் தங்கும், தானாக எதுவும் செய்யாது. மேலே சிவப்பு வெளிச்சம் பட்டால்தான் அது வேலையைத் தொடங்கிச் சுற்றியிருக்கும் செல்களைக் கொல்லும். இந்தப் புற்று காலில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவுகிற வகை. காலில் மட்டும் வெளிச்சம் அடித்த சில எலிகளுக்கு, வெளிச்சமே படாத நுரையீரல் முடிச்சுகளும் சுருங்கின. சிலவற்றுக்குச் சுருங்கவில்லை. ஏன் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.

இதை நார்வேயில் எங்கள் ஊர்த் தமிழர்களின் பொங்கல் விழாவில் தமிழில் பேசினேன். யாரோ அந்தப் பேச்சின் வீடியோவை மூன்று நிமிடமாக வெட்டி வாட்ஸாப்பில் விட்டார்கள். வெட்டியதில் எலிகள் போய்விட்டன.

அது யாரோ செய்த தப்பு. என் தப்பு அதற்குப் பிறகு. ஏழு வாரங்களுக்கு முன் சின்னப்பன் என்பவர் எங்கிருந்தோ என் எண்ணைப் பிடித்துக் குரல்செய்தி அனுப்பினார். பதினாறு வயது மகள், முழங்காலுக்கு மேல் எலும்பில் கட்டி, மருந்து ஏற்றி முடித்தாயிற்று, இனிமேல் காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள், உங்கள் வெளிச்ச வைத்தியம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பின்னால் ஒரு பெண் விசும்புவது கேட்டது. அந்த விசும்பலைக் கேட்டுக்கொண்டே ‘இது எலிகளுக்கு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பிக்கை தரும் வழிதான், இன்னும் கொஞ்சம் காலமாகும், சாயம் ஏற்றினால் சில நாள் இருட்டில் இருக்க வேண்டியிருக்கும், தைரியமாக இருங்கள் என்று பதில் அனுப்பினேன். காலை எப்படியும் எடுத்துவிடுவார்கள், இதை ஓர் ஆறுதலாக வைத்துக்கொள்வார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அனுப்பிவிட்டு நல்ல காரியம் செய்த திருப்தியோடு சாப்பிடப் போனேன்.

போனில் சொல்லிவிடலாமே என்று அண்ணன் சொன்னான். போனில் சொன்ன லட்சணம்தான் தெரிகிறதே. நேரில் வருகிறேன் என்று மட்டும் சின்னப்பனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன்.

கிருஷ்ணகிரி வரை பஸ் நன்றாகத்தான் வந்தது. காரிமங்கலம் நெருங்கும்போது முன்னால் புகை வந்து நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டது, அரை மணி நேரமாகும் என்றார் கண்டக்டர். யாரும் சண்டை போடவில்லை, இறங்கிப் புளியமர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கே நார்வேயில் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இங்கே பத்தே நிமிடத்தில் எல்லாருக்கும் எல்லாருடைய ஊரும் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் கன்னடத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மேற்கே ஓசூர்ப் பக்கம் நன்றாகக் கொட்டியிருக்கிறது, நம் நிலத்தை மட்டும் பார்க்காமல் போய்விட்டது என்று இன்னொருவர் தமிழில் குறைபட்டுக்கொண்டார்.

சந்தைக்குப் போகிற ஓர் அம்மாள் மாங்காய்க் கூடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழவுக்குங்களா போறீங்க?” என்றார்.

“இல்லைங்க. ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறேன்.”

“அப்ப மொகத்த மாத்திக்குங்க. நோவு வந்தவங்க மொதல்ல நம்ம மூஞ்சியத்தான் பாப்பாங்க.” ஒரு பழுத்த மாம்பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். தார்ச்சாலை ஓரத்தில் நின்று, சாறு முழங்கை வரை வழிய அதைத் தின்றேன். முகம் மாறியதா என்று தெரியவில்லை.

தருமபுரியில் பஸ் மாறிக் கடத்தூரில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. சின்னப்பன் மொபெட்டோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், சட்டைக்கு வெளியே ஜெபமாலை தொங்கியது. என் பையைப் பிடுங்காத குறையாக வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். “நேர்ல வருவீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க மேடம். எங்க வூட்டம்மா அமலா நேத்திலேர்ந்து அழுவறா, சந்தோசத்துல.”

இரண்டு பக்கமும் மல்பெரித் தோட்டம். இலை பறிக்காமல் ஆளுயரத்துக்கு வளர்ந்து முற்றிப்போயிருந்தது. இவர்கள் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். புழு இருந்திருந்தால் அதற்குத் தீனியாகப் போயிருக்கும், இந்த இலை இப்படி நின்றிருக்காது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டு வாசலில் நாற்காலியில் மகள் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். மருந்தில் கொட்டிய முடி ஒரு விரற்கடை அளவுக்கு வளர்ந்திருந்தது. இடது காலை முக்காலி மேல் நீட்டி வைத்திருந்தாள். முழங்காலுக்கு மேலே பாவாடை புடைத்திருந்தது. எலிகளில் அந்தப் புடைப்பை நான் தினமும் அளக்கிறவள். எலும்பு உள்ளே அரித்துப்போயிருக்கும், ஒரு தடுக்கல் போதும் ஒடிந்துவிட.

“கும்பிடறேன் மேடம்,” என்றாள். “அப்பா ஷெட்ட காட்டாம உங்கள உக்கார விடமாட்டாரு. போயி பாத்துட்டே வந்துடுங்க.”

வீட்டுக்குப் பின்னால் இருந்தது புழு ஷெட். வாசலில் ஈரச் சாக்கு விரித்து மருந்துத் தண்ணீர் ஊற்றியிருந்தது. அதில் காலை மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார். புழுவுக்கு நோய் வரக் கூடாது என்று செய்கிற ஏற்பாடு அது. உள்ளே ப்ளீச்சிங் பவுடர் நெடி. புழுத் தட்டுகளையெல்லாம் கழற்றி வெளியே போட்டிருந்தார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் தார்ப்பாய் இரண்டு மடிப்பு, ஓட்டு இடுக்குகளில் களிமண், கதவைச் சுற்றி சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். நடுவில் ஒரு கட்டில், புதுப் போர்வை, தலைமாட்டில் மாதா படம். கதவைச் சாத்தினார். என் கையை என்னால் பார்க்க முடியவில்லை.

“புழு கூடு கட்டறப்ப வெளிச்சம் ஒரு பக்கமா வந்தாலே போதுங்க, எல்லாம் இருட்டுப் பக்கமா போயி அடைஞ்சுக்கும்,” என்றது இருட்டில் அவர் குரல். “இருவது வருசமா வெளிச்சத்த அடைக்கறதுதான் எனக்குப் பொழப்பு. அதனால நீங்க சொன்னதும் டக்குனு புரிஞ்சுதுங்க. ரெண்டு பேட்ச் புழு எடுக்கல. டாக்டரம்மா ஆப்பரேசனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க, அதுக்கும் போவல. காலோட பொழைக்க வழி இருக்கறப்ப எதுக்குங்க வெட்டணும்?”

சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்தால் அமலா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். ராகிக் களியை உருண்டையாகத் தட்டில் வைத்து, நடுவில் குழித்துக் குழம்பை ஊற்றினார். மெல்லாமல் முழுங்க வேண்டும் என்று ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்தாள். நான் நாகப்பட்டினத்துக்காரி, சோறும் மீனும் தவிர வேறு தெரியாது. முழுங்கத் தெரியாமல் நான் திண்டாடியதைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டது மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் காபி குடித்து முடித்ததும் மூன்று பேரையும் உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“இந்த வைத்தியம் இன்னும் மனுஷருக்கு வரவில்லை. எலிகளுக்குத்தான் செய்துபார்க்கிறோம். எலிக்கால் சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. அதில் வெளிச்சம் போய்விடும். ஸ்டெல்லாவின் தொடையில் அப்படிப் போகாது. வருமா, எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் நாளே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது நான்தான்.”

சின்னப்பன் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து மல்பெரித் தோட்டத்துக்குள் போய்விட்டார். அமலா போகவில்லை.

“எலியா?” என்றார். “எலின்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு என்னங்க கேடு? நாங்க படிக்காதவங்கதான். எலின்னா எங்களுக்குத் தெரியாதா? ஏழு வாரமுங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் பூசையில உங்க பேரச் சொல்லி வேண்டிக்கிட்டேன். பெத்தவங்க நீங்க இல்ல, அதான் ஈஸியா சொல்லிட்டீங்க.”

எனக்குப் பிள்ளை இல்லை. அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. திட்டி முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனவர், சற்று நேரத்தில் ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்து ‘ணங்’ என்று என் முன்னால் வைத்தார். இந்த ஊரில் கோபத்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது போலிருக்கிறது.

“எனக்குச் சந்தேகமா இருந்துச்சுங்க,” என்றாள் ஸ்டெல்லா மெதுவாக. “வீடியோல நீங்க ‘வால்’னு ஒரு எடத்துல சொன்னீங்க. வால்ல ஊசி போடறதுன்னு. ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன்.”

“பிறகு ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை?”

“அவரு அன்னிக்குத்தான் மொத தார்ப்பாய அடிச்சாரு,” என்றாள். “எனக்கும் கால் வேணும்னு இருந்துச்சுல்ல.”

மத்தியானம் வரை சின்னப்பன் தோட்டத்தை விட்டு வரவில்லை. முற்றிய மல்பெரியை அடியோடு வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் கை கால் கழுவிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் வேனுக்குச் சொல்லிவிட்டு வந்தார். “நாளைக்கு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்களும் வாங்க மேடம்,” என்றார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். நடு இருக்கையில் தலையணைகளை அடுக்கி ஸ்டெல்லாவின் காலை நீட்டி வைத்து, அமலா அதை மடியில் தாங்கிக்கொண்டார். பொம்மிடி வழியாகத் தொப்பூர் வரைக்கும் உள்ள வேகத்தடை ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அருகில் வரும்போதெல்லாம் டிரைவர் “தடை வருது” என்பார். வேனில் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குடைசாய்ந்து கிடந்தது. மேலே கீழே எதுவும் நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றோம். வெள்ளரிப் பிஞ்சு விற்க ஆட்கள் வந்தார்கள். சின்னப்பனும் டிரைவரும் இறங்கி, லாரியை எப்போது தூக்குவார்கள் என்று பார்க்கப் போனார்கள். அமலா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா,” என்றாள் ஸ்டெல்லா. நேற்று வரை மேடம். “நுரையீரல்ல முடிச்சு சுருங்குச்சுன்னு எப்டி தெரியும்? ஸ்கேன் பண்ணுவீங்களா எலிக்கு?”

“இல்லை. அதைக் கொன்று, நுரையீரலை வெளியே எடுத்து எண்ணுவோம்.”

“சுருங்குன எலியவுமா?”

“எல்லாவற்றையும்.”

அமலாவின் உதடுகள் நின்றன. ஸ்டெல்லா வெளியே லாரிகளைப் பார்த்தாள். “எனக்கு நுரையீரல்ல வந்திருக்குமா?”

நல்லதே நடக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன். “ஏழு வாரம் போய்விட்டது. வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். படம் எடுத்தால்தான் தெரியும்.”

அவள் தலையை ஆட்டினாள். அம்மாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அமலா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆனால் மன்னித்துவிட்ட பார்வையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம் வயதுப் பெண். புதிதாக எடுத்த படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வலது நுரையீரலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அப்படிப்பட்ட புள்ளிகளை எண்ணித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

“போன தடவை இது இல்லைங்க,” என்றார் டாக்டர். “தேதி குடுத்தேன், வரல. போன் பண்ணா எடுக்கல. ஏழு வாரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“வூட்ல கொஞ்சம் வேலையா போச்சுங்க,” என்றார் சின்னப்பன். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். “எங்க தப்புதானுங்க. யாரும் சொல்லி நிறுத்தல.”

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என் பேரை அந்த மனிதர் அங்கே இழுக்க மாட்டார் என்று எனக்குப் புரிந்தது. சும்மா இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

“நான் சொல்லித்தான் நிறுத்தினார்கள்,” என்றேன். சாயம், வெளிச்சம், எலி, குரல்செய்தி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

“நீங்க படிச்சவங்க,” என்றார் கடைசியில். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்துப் பேசினார். வியாழக்கிழமை ஆப்பரேஷன் செய்து காலை எடுத்துவிடலாம். பிறகு மறுபடியும் மருந்து. அந்த இரண்டு புள்ளிகளும் அப்படியே இருந்தால் நெஞ்சைத் திறந்து அவற்றையும் எடுக்கப் பார்க்கலாம். பிழைப்பதற்கு வழி இருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். ஸ்டெல்லா ஒவ்வொன்றையும் கேட்டு, “சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்” என்றாள். அமலா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சின்னப்பன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் போகாமல் நின்றார்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணுமுங்க. எடுக்கற கால என்ன பண்ணுவீங்க? எங்க வழக்கத்துல ஞானஸ்நானம் குடுத்த ஒடம்புங்க. ஒரு வெரல வெட்டினாலும் குப்பைல போடமாட்டோம், கல்லறத் தோட்டத்துலதான் வைப்போம். எங்ககிட்டயே குடுத்துடுவீங்களா?”

கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு, ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் டாக்டர். சோதனைக்குக் கொஞ்சம் சதை மட்டும் எடுத்துக்கொள்வார்களாம்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். “அக்கா, நீங்க எடுத்துட்டுப் போங்க. எலி கால்ல வெளிச்சம் போவுது, மனுசக் கால்ல போவாதுன்னீங்கல்ல. இது மனுசக் கால்தான. இதுல அடிச்சுப் பாருங்க. அடுத்த புள்ளைக்காச்சும் ஆவும்.”

அந்தக் கையை விட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம். சொல்லியிருந்தால் வியாழக்கிழமை அந்தப் பெண் கொஞ்சம் நிம்மதியாக மயக்க மருந்துக்குள் போயிருப்பாள்.

“முடியாது ஸ்டெல்லா,” என்றேன். “எடுத்துப்போக எனக்கு அனுமதி கிடையாது. எடுத்துப் போனாலும் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உன் கால் எனக்குப் பயன்படாது.” அவள் முன்னால் அழக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

அவள் என் கையை விட்டாள், கோபமாக அல்ல.

“சரிங்கக்கா,” என்றாள். சின்னப்பன் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நம்ம கல்லறையிலயே வெச்சுடுங்க. ஆனா கல்லறையப் பாத்துக்கற கோயில்பிள்ளைகிட்ட சொல்லி, குழிய சின்னதா வெட்டச் சொல்லுங்கப்பா. காலுக்கு மட்டும் போதும்.”